பேரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்

போன தேர்தலின்போது எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து சிலர் கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள். என் தங்கை மகன் ஒரு கட்சி, என் மூத்த மருமகன் இன்னொரு கட்சி. முகம் தெரியாத யாரோ எழுதிய ஒரு வரியை ஒருவர் குழுவில் போட்டார். அதற்குப் பதிலாக, வேறு யாரோ எழுதிய இன்னும் கேவலமான வரியை மற்றவர் போட்டார். இரண்டிலும் கொள்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேட்பாளருடைய தாயாரைப் பற்றி இருந்தது. என் மகள் கைப்பேசியை என்னிடம் காட்டி, "காலம் ரொம்பக் கெட்டுப்போச்சும்மா. உங்க காலத்துல இப்படியெல்லாம் இல்லல்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. என்னைப் பற்றியே இருந்தது. நான் அவளிடம் அதைச் சொன்னதில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, தேதிதான் பாக்கி என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். மலாக்காவில், காஜா பெராங் சாலையை ஒட்டிய கம்போங் குடியிருப்பில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ரப்பர் கிடங்கு ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நான் முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தேன். தமிழ்ப் பெண்கள் வருவார்கள், செட்டிப் பெண்களும் வருவார்கள். இவர்கள் வட்டிக்கடைச் செட்டியார்கள் அல்லர். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வந்து மலாக்காவில் வேர் பிடித்தவர்கள். கும்பிடுவது எங்கள் சாமி, வீட்டில் பேசுவது மலாய். அவர்களோடு பழகிப் பழகி எனக்கும் மலாய் தண்ணீர் பட்ட பாடு.

மைக் என் கைக்கு வந்தது தற்செயல்தான். துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையார் கோயிலில் ஒரு விசேஷ நாளன்று கூட்டத்தில் ஒரு குழந்தை தொலைந்து போனது. அறிவிப்புச் செய்ய வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். நான் மைக்கை எடுத்துத் தமிழிலும் மலாயிலும் சொன்னேன். அதே சாலையில் இருந்த பள்ளிவாசலின் வாசலில் நின்றிருந்த ஒருவர் கேட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு தேடி வந்தார்.

"அன்னிக்குக் கோயில்ல பேசுனது நீதானேம்மா? நம்ம வேன்ல வந்து பேசுறியா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குற? தொண்டை உன்னோடது" என்றார் அவர்.

வாத்தியாருக்குச் சின்னம் விளக்கு. அவரை எதிர்த்து நின்ற பலகைக் கடை முதலாளிக்குச் சின்னம் குடை. விளக்கு வேனில் நான் பேசினேன். குடை வேனில் பேசியவர், சாலை முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நாற்பது வயதிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாத கிரீஸ் படிந்த கை, வெண்கலக் குரல். தமிழ்நாட்டில் பிறந்து வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்ததால் அவருக்கே ஓட்டு கிடையாது. ஆனாலும் ஓட்டு இருந்தவர்கள் எல்லாரையும்விட அதிகம் பேசினார்.

எங்கள் இருவருக்கும் சண்டை பள்ளிக்கூடத்தைப் பற்றி. நகராட்சிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பைப்பு, சாக்கடை, தெருவிளக்கு, அவ்வளவுதான் அவர்கள் கையில். ஆனால் ஒரு நாடே புதிதாகப் பிறக்கப் போகிறபோது யார் சாக்கடையோடு நிற்பார்கள்? பிள்ளைகள் மலாயும் இங்கிலீஷும் படித்தால்தான் நாளைக்கு இந்த நாட்டில் பிழைக்கலாம் என்றேன் நான். தமிழ்ப் பள்ளியைக் கைவிட்டால் பிழைக்கிறவன் யார் என்றே அவனுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார் அவர்.

ஒரு நாள் குடை வேன் எங்கள் தெருவில் நின்றது. "தையல்காரத் தங்கச்சி சொல்லுது, பிள்ளைங்கள இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பணுமாம். அனுப்புங்க! நாளைக்கு அந்தப் பிள்ளைங்க ஆத்தாளுக்குக் கடுதாசி போடும். அத வாசிச்சுச் சொல்ல ஒரு கிராணிய வேலைக்கு வெச்சுக்குங்க!"

எங்கள் வீட்டுக் கிராணி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நான் விளக்கு வேனை நேராகச் சைக்கிள் கடைக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா உங்க கடைப் பலகையில எழுதியிருக்கறது என்னா மொழி? எல்லாரும் வந்து பாருங்க!"

பலகையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, எல்லாம் இங்கிலீஷ். அவர் கையில் டயரோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். தானும் சிரித்துவிட்டார். அதற்கடுத்த நாள் பார்த்தால், இங்கிலீஷுக்கு மேலே கொட்டை எழுத்தில் தமிழ். பெயிண்ட் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவருடைய மனைவி என்னைக் கண்டதும், "உன்னாலதான் டீச்சர், ராத்திரி சோறுகூட உங்காம ஏணி மேல நின்னாரு" என்றார். அந்த அக்கா என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர். மெலிந்த உருவம், நெற்றியில் ஒரு பழைய தழும்பு, எதையும் பட்டென்று கேட்டுவிடுகிற வாய்.

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன.

ஒரு நாள் காலை பைப்படியில் நான் வாளியோடு போய் நின்றதும் பேச்சு நின்றது. ஏன் என்று புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். நாங்கள் எல்லாரும் அவரை 'மாக்' என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் அம்மா என்று பொருள். அவர் கையில் ஒரு துண்டு நோட்டீஸ்.

"எல்லா வீட்டுக் கதவுக்கும் கீழ கிடக்கு. தமிழ், எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு, நீ சொல்லு" என்று மலாயில் கேட்டார்.

தேர்தல் நோட்டீஸ் என்று நினைத்து வாங்கி உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரியைத் தமிழில் வாசித்து மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அது என்னைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. ஆண்களோடு வேனில் ஊர் சுற்றுகிறவளிடம் உங்கள் வீட்டு வயதுப் பெண்களைத் தையல் படிக்க அனுப்புகிறீர்களே, அவள் தையலைத் தவிர வேறு என்னென்ன சொல்லிக் கொடுக்கிறாள் என்று விசாரித்தீர்களா? பெண்டாட்டியை மைக்குக்கு வாடகைக்கு விட்ட கிராணி எவ்வளவு வாங்கினார்? இப்படிப் போனது. அதற்குக் கீழே இருந்ததை நான் இங்கே எழுதவில்லை.

நான் காகிதத்தை மடிக்கப் பார்த்தேன்.

"லாகி?" என்றார் மாக். இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

"எல்லாம் என்னைப் பத்தித்தான் மாக். அசிங்கமா எழுதியிருக்கு."

அவர் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு எழுதினது? பேரு எங்க?"

"பேரு இல்ல."

"தாடா நாமா?" அவருக்கு அதுதான் நம்ப முடியாததாக இருந்தது. "பேருகூட இல்லாத ஒண்ணு. அதுக்குப் போயி நீ அழுவுறியா?"

ஆனால் நான் அழுதேன். வீட்டுக்குள் போய், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அன்று வகுப்புக்கு வர வேண்டிய பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. மறுநாள் இன்னும் சிலர் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், விருந்தாளி என்றார்கள்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தபோது அவர் சட்டைப் பையிலேயே ஒரு நோட்டீஸ் இருந்தது. கிடங்கில் யாரோ அவர் மேசையில் வைத்திருக்கிறார்கள். வெகுநேரம் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"நாளையிலேருந்து நானும் வேன்ல முன்னால உக்காந்துக்கறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க கூட வந்தாத்தான் நான் யோக்கியம்னு ஆயிடும். அப்ப அவன் எழுதினது சரிதானே?"

அவர் யோசித்தார். "ஆமா. அது வேணாம்" என்றார். பிறகு, "பேசுறத நிறுத்தப் போறியா?" என்று கேட்டார்.

"நிறுத்தட்டுமா?"

"அத நான் சொன்னா நல்லாருக்காது" என்றார். முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் அப்படித்தான் சொன்னார். பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அந்த வாரம் முழுக்க அவர் கிடங்கில் மதியச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்று.

அடுத்து வந்தவர் எங்கள் வேட்பாளருடைய ஏஜெண்டு. கெட்டியான கண்ணாடி போட்ட மனிதர். உள்ளே வந்து உட்கார்ந்து, அனுதாபமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"இத நாளைக்கு அவன் கடைக்கு முன்னாலயே வாசிச்சிடுங்க. அப்புறம் பாருங்க, குடை மடங்கிடும்."

வாசித்தேன். சைக்கிள் கடைக்காரருடைய மனைவியைப் பற்றியது. அந்த அக்காவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு புருஷன் இருந்தான், அவனை விட்டு ஓடி வந்தவர், தாலி மாறிய கதை இது, தமிழ் தமிழ் என்று முழங்குகிறவன் வீட்டுப் பண்பாட்டைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு அது இனித்தது. வேன் அந்தக் கடைக்கு முன்னால் நிற்பது போலவும், அவர் டயரோடு வெளியே வருவது போலவும் மனசுக்குள் ஓடியது. அடுத்த நிமிடம் அந்த அக்காவுடைய நெற்றித் தழும்பு ஞாபகம் வந்தது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது முதுகிலும் அப்படி இரண்டு பார்த்திருக்கிறேன்.

"இத நான் வாசிக்க மாட்டேன்" என்றேன்.

"இது பொய்யா? எல்லாம் உண்மைதானே? நான் விசாரிச்சிட்டுத்தான் எழுதினேன்."

"உண்மையாவே இருக்கட்டும். அதுக்கும் தண்ணி பைப்புக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"உங்கள அவ்வளவு கேவலமா எழுதினாங்களேம்மா!"

"அந்த அக்காவா எழுதினாங்க?"

அவர் எழுந்துவிட்டார். "வேன்ல பேச வேற ஆள் கிடைக்கும்" என்றார். காகிதத்தை எடுக்க மறந்தாரோ, நான் மனம் மாறுவேன் என்று விட்டுப் போனாரோ, அது மெஷின் மேலேயே கிடந்தது.

அன்று மத்தியானம் இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்கு நடந்தேன். சாலையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் பட்டப்பகலில் போனேன். அவர் ஒரு சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்தி ஆரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். வர்றதுக்கு மொகம் இல்ல."

"இது உங்க ஆளுங்க போட்டதா அண்ணே?"

"தெரியலையே. நான் கேட்டேன். இல்லங்கறாங்க. ஆமாங்கறதுக்கும் இல்லங்கறதுக்கும் சாட்சி இல்ல. அதான் எனக்கு வெக்கமா இருக்கு."

நான் மற்றக் காகிதத்தை நீட்டினேன். "இது எங்க பக்கத்துலேருந்து வந்தது. என்னை வாசிக்கச் சொன்னாங்க. வாசிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வேற யாராவது வாசிச்சாலும் வாசிப்பாங்க. அதுக்கு முன்னால உங்களுக்குத் தெரியணும்."

அவர் வாசித்தார். முகம் கறுத்துச் சிவந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "யாரு? யாரு எழுதினது, சொல்லு!"

அதற்குள் உள்ளேயிருந்து அக்கா வந்துவிட்டார். "என்னா அது?" அவர் மறைக்கப் பார்த்தார். அக்கா கையை நீட்டியபடியே நின்றார். தோட்டத்துப் பள்ளியில் படித்த படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நாங்கள் இருவரும் அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒரு வாசிப்பை நான் பார்த்ததில்லை.

முடித்துவிட்டு அக்கா அதை நாலாக மடித்தார். "எழுத்து நல்லாருக்கு. படிச்ச ஆளுதான்" என்றார். பிறகு ஸ்பேனரைக் காட்டி, "அத கீழ வெய்யிங்க. அடிக்கிற ஆம்பிளைய நான் பாத்தாச்சு" என்றார்.

அவர் வைத்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் டீச்சர், நீ வேன்ல இருக்க, இவரு வேற வேன்ல இருக்காரு. நீ போனப்புறம் இவரு வாராரு, இவரு போனப்புறம் நீ வார. ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னு பேசுனா என்னா? எதிர்ல நிக்கிற ஆள வெச்சுக்கிட்டு எவனாலயும் இப்படிப் பேச முடியாதில்ல?"

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அப்போது. நாலு பேர் கூடிப் பேசவும் போலீஸ் அனுமதி வேண்டும். குடைக் கட்சி சனிக்கிழமை மாலை கம்போங் திடலில் கூட்டம் போட அனுமதி வாங்கியிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே நானும் பேசுவது என்று முடிவானது. பலகைக் கடை முதலாளி குதித்தார். "எங்காசுல மைக் வெச்சு எதிராளிக்குக் குடுக்கறதா?" என்றாராம். "பெர்மிட்டு எம்பேர்ல இருக்கு மொதலாளி" என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லிவிட்டார். விளக்குக் கட்சியிலிருந்து எனக்கு ஒரு தகவலும் இல்லை. வேன் என் வீட்டைக் கடந்து போனது, உள்ளே வேறு ஒரு குரல்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் என் வீட்டுக்காரரோடு திடலுக்கு நடந்து போனேன். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். திடல் நிறைந்திருந்தது. சண்டை பார்க்கத்தான் வந்திருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. தமிழர்கள், செட்டிகள், சாலைக்கு அந்தப் பக்கத்து மலாய்க்காரர்கள், கச்சான் கடலை விற்கிற ஒரு சீனர். கூட்டம் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டதும் இரண்டு வேட்பாளர்களும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரே மைக். அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்துவிட்டார். "யாரு வேணும்னாலும் வந்து பேசலாம். பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க. யாரப் பத்திப் பேசுறீங்களோ அவங்களும் இங்க வந்து பக்கத்துல நிப்பாங்க. அவ்ளோதான்" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் பேசினார். நான் பேசினேன். பள்ளிக்கூடம்தான். அவர் பேசும்போது நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். நான் பேசும்போது அவர் நின்றார். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் தூரம். வேனில் சொன்ன வேடிக்கை வார்த்தைகளில் பாதி எங்களுக்கு வாயில் வரவில்லை. அதற்குப் பதில், "தங்கச்சி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா..." என்று அவர் ஆரம்பித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது திடல் ஓரத்து ரம்புத்தான் மரத்தடியிலிருந்து ஒரு குரல் கத்தியது. "நாற்காலியில உக்காந்திருக்கற அம்மாவுக்கு இவரு எத்தனாவது புருஷன்?"

சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் மரத்தடியைப் பார்த்துக் கிளம்பினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அதற்குள் அக்கா எழுந்து மைக்கை எடுத்தார். மைக்கில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. வாய்க்கு மிக அருகில் பிடித்ததால் ஒலிபெருக்கி ஊளையிட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"யாரு கேட்டது? இங்க வாங்க. மைக்குல கேளுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஒருவரும் வரவில்லை.

"சரி, வராட்டி போவுது. நானே சொல்லிடுறேன்." தன் பேரைச் சொன்னார். தன் தோட்டத்தின் பேரைச் சொன்னார். "அங்க எனக்குக் கட்டி வெச்சவன் தெனமும் அடிப்பான். ஒரு நாளு காலையில பால்மரம் வெட்டப் போறேன்னு கெளம்புனவ, கத்தியப் போட்டுட்டு பஸ்ஸு ஏறிட்டேன். இவர நானாத்தான் கேட்டுக் கட்டிக்கிட்டேன். இதான் கதை. இனிமே நோட்டீஸ் அடிக்க வேணாம், மையி மிச்சம். இதப் பத்திக் கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க. இல்லன்னா நான் ஒண்ணு கேக்குறேன்."

கூட்டத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்தக் கம்போங்கு முழுக்க ஒரு பைப்பு. விடியறதுக்கு முன்னால அங்க போயி வாளிய வெச்சு எடம் புடிக்கறது யாரு? இங்க பேசுனாங்களே ரெண்டு பேரு, ரெண்டு கட்சி, யாராவது அதச் சொன்னீங்களா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடங்கறீங்க. குளிக்காம புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டலை இன்றைக்கும் என் காது மறக்கவில்லை. சைக்கிள் கடைக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் அந்த அடி.

அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் கையில் இல்லை. முதலில் எழுந்து வந்தது மாக். கெபாயாச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்று, தன் பேர், தன் அப்பா பேர், தாத்தா பேர் என்று மூன்று தலைமுறையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. "பேரு சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்" என்றார் மலாயில். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் தன் சமையலறைக்குள் வருவதாகவும், குடை வருகிறதோ விளக்கு வருகிறதோ தனக்கு அக்கறையில்லை, அடுப்பு நனையாமல் இருந்தால் போதும் என்றும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரர் வந்தார். பிறகு என்னிடம் தையல் படித்த ஒரு பெண்ணின் அப்பா வந்தார். அவர் பேரைச் சொல்லிவிட்டுச் சற்று நின்றார். "என் பொண்ணு நாளைக்கு டீச்சர் வீட்டுக்கு வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கடைசியில் இரண்டு வேட்பாளர்களும் மைக்குக்கு வர வேண்டியதாயிற்று. பைப்பைப் பற்றி அக்கா கேட்ட கேள்விக்கு இரண்டு பேராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தும் போயிற்று.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்னொரு நோட்டீஸ் வந்தது, இந்தத் தடவை எங்கள் எல்லாரையும் சேர்த்து. அதை அதிகம் பேர் வாசித்ததாகத் தெரியவில்லை. மாக் அதில் அடுப்புப் பற்ற வைத்தார். முதல் நோட்டீஸை எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்புக்கு வராமல் நின்ற பெண்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். எல்லாரிலும் கெட்டிக்காரியான ஒருத்தி மட்டும் வரவே இல்லை. காய்கறிப் பாசாரில் பார்த்தால் அவள் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அது ரொம்ப நாள் வலித்தது.

தேர்தலில் குடை ஜெயித்தது. வாத்தியார் முதலாளிக்குக் கை கொடுத்தார். பைப்பு உடனே வரவில்லை. அக்காவும் இன்னும் சில பெண்களும் முதலாளியின் பலகைக் கடைக்கு வாரந்தோறும் போய், பேரைச் சொல்லிவிட்டு, எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விளக்குக்கு ஓட்டுப் போட்ட நானும் அவர்களோடு போனேன். மறுவருடம் சுதந்திரம் வந்தது. அதற்குச் சற்று முன்பாகவோ பின்பாகவோ எங்கள் வரிசைக்குப் புதுப் பைப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று என் வீட்டுக்காரரும் நானும் கடைசிவரை தகராறு செய்தோம்.

அடுத்து வந்த தேர்தலில் திடலில் கூட்டம் போட வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் தாங்களாகவே வந்து, நாற்காலியில் உட்கார அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "நான் உக்கார மாட்டேன், பேசப் போறேன்" என்றார். நாற்காலிக்கு மாக் வந்தார். அக்கா குடைக்காகப் பேசினார், நான் எதிர்த்துப் பேசினேன். புருஷனைவிட அவர் பொல்லாதவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதால்தான் தனக்கு எதிராக எழுதியதைத் தானே வாசித்துப் பதில் சொல்ல முடிந்தது என்றார். அந்தப் பள்ளியும் இல்லாவிட்டால் வேறு யாராவது வாசித்து, அவர்கள் சொன்னதைத்தான் நம்பியிருப்பேன் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று மைக்கிலேயே சொன்னேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

என் மூத்த மகளுக்குப் பள்ளி வயது வந்தபோது அவளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். மத்தியானத்தில் மலாயும் இங்கிலீஷும் நானே வீட்டில் சொல்லிக் கொடுத்தேன். சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சைக்கிள் கடை வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் டீச்சர். அப்ப அடுத்த எலெக்‌ஷனுக்கு எங்க பக்கமா?"

"பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் அக்கா. சாக்கடைக்கு இல்ல."

"சாக்கடைக்கு என்னா கொறை? உள்ள வா, காப்பி போடுறேன். உக்காந்து சொல்லு" என்றார். அன்றைக்கு வீடு திரும்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று.